தலைவரின் மகனுக்கு ஒரு வில்

துறைமுகப் பக்கம் புதிதாக முளைத்த வில்வித்தைக் கழகத்துக்கு லாபிர் தலைவரானதற்கு ஒரே காரணம், அந்தக் கதிரை காலியாக இருந்ததுதான். காலிக் கதிரையைக் கண்டால் அவரால் நின்றுகொண்டிருக்க ஏலாது. அம்பில் எந்தப் பக்கம் கூர் என்பதைக்கூட, கழகத்தின் சின்னத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டார்.

அதையெல்லாம் ஷிஃபானா மன்னித்திருப்பாள். லாபிர் அவளுடைய கணவனின் அக்காவைக் கட்டியவர். குடும்பத்துக்கு ஒரு பெரிய மனிதர் என்பது தவிர்க்க முடியாத செலவு. மன்னிக்க முடியாதது வேறொன்று. சிறுவர் வகுப்பில் மிஞ்சியிருந்த ஒரே இடம் அவள் மகள் பஸ்னாவுக்குக் கிடைத்திருந்தது. ஏழு வயதுப் பிள்ளை அதை ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தாள். அடுத்த கிழமை பார்த்தால், அந்த இடத்தில் லாபிரின் மகன் நுஸ்கியின் பெயர். நியாயம் கேட்கப் போன ஷிஃபானாவுக்குத் தலைவர் ஆலோசனையும் சொன்னார்.

"பொம்புளப் புள்ளைக்கு வில்லு என்னத்துக்கு? வீட்ட கூட்டுற தும்புத்தடி இருக்குதானே. அதப் பழக்குங்க."

பஸ்னா பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒழுங்கையால் வேண்டாம், சுற்றுப்பாதையால் வீடு போவோம் என்றாள். அன்றைக்கே ஷிஃபானா முடிவெடுத்தாள்: அந்த இடம் திரும்பி வர வேண்டும், அதைத் திருப்பித் தருகிற வாய் லாபிரின் வாயாகவே இருக்க வேண்டும். அதுவும் நாலு பேர் கேட்க.

வாய்ப்பை லாபிரே கொண்டுவந்து கொடுத்தார். பிள்ளைக்கு முதல் வில்லை எப்படித் தெரிவுசெய்வது என்று பயிற்றுநர் பிரியதர்சினி பெற்றோருக்கு ஒரு கூட்டம் வைத்தபோது, தலைவர் வேறெங்கோ ஒரு மேடையில் கழுத்தில் மாலை வாங்கிக்கொண்டிருந்தார். ஷிஃபானா போயிருந்தாள். ஆகவே கடைக்குத் துணைக்கு வரும்படி அவளைக் கூப்பிட்டார். அவள் உடனே சம்மதித்ததில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மத்திய வீதியிலிருந்த விளையாட்டுச் சாமான் கடையில் வில்லுகள் வரிசையாகத் தொங்கின. ஒரு கையில் நுஸ்கியைப் பிடித்திருந்த லாபிர், மறுகை விரலை நேரே இருந்ததிலேயே ஆக நீளமானதை நோக்கி நீட்டினார்.

"அது பெரிய ஆக்கள்ர வில்லு ஹாஜியார். நாண இழுக்க முப்பது இறாத்தல் பாரம். தம்பிக்கு இந்தப் பத்து இறாத்தலே காணும்" என்றான் கடைக்காரப் பெடியன், ஒரு சின்ன மஞ்சள் வில்லைக் காட்டி.

"வளர்ற புள்ளடா. பெருநாள் சட்டை எடுத்தா ரெண்டு அளவு பெரிசா எடுக்குறல்லயா? சப்பாத்துக்குள்ள பஞ்சு வெச்சுப் போடுறல்லயா? இது மட்டும் என்னத்துக்கு அளவா?"

அந்தக் குடும்பத்தில் யாரும் அளவான சட்டை போட்டு வளர்ந்ததில்லை. ஆனால் பெரிய சட்டையின் கையை மடித்துவிடலாம். வில்லை எங்கே மடிப்பது? கூட்டத்தில் பிரியதர்சினி இரண்டே விஷயம் சொல்லியிருந்தார். வில்லு பிள்ளையை விட உயரமாக இருக்கக் கூடாது. நாணை இழுத்து, பத்து எண்ணும் வரை கை நடுங்காமல் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாத பிள்ளையை அவர் கோட்டில் நிறுத்த மாட்டார்; யாருடைய பிள்ளையாக இருந்தாலும் சரி.

ஷிஃபானா அதைச் சொல்லவில்லை. சொன்னது இது: "ஓம் மச்சான். தலைவர்ர மகன் சின்ன வில்லோட வந்து நிண்டா ஆக்கள் என்ன கதைப்பாங்க?"

"அப்படிச் சொல்லுங்க!"

நுஸ்கி அந்த வில்லைத் தூக்கினான். அது அவனை விட ஒரு முழம் உயரம். நாண் அசையவே இல்லை. அவன் கைதான் நடுங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஷிஃபானாவைப் பார்த்தான்.

"மாமி, இது இறுக்கமா இருக்கு."

ஷிஃபானாவுக்குச் சுருக்கென்றது. கழகத்தின் திறப்பு விழாவில், ஊர் முன்னால், இந்தப் பிள்ளை தோற்று அழுவதைப் பார்க்கத்தானா இவ்வளவும்? தும்புத்தடிக் கதை சொன்னது இவனில்லையே. பழியை அவள் கைவிடவில்லை. குறியை மட்டும் மாற்றினாள்.

"பெரிய வில்லுக்குப் பெரிய கைதான் வேணும் மச்சான். திறப்பு விழாவில முதல் அம்ப நீங்களே விடுங்களன். இதே வில்லால."

லாபிரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. முன்கைக்குக் கட்டும் தோல் பட்டையைப் பெடியன் நீட்ட, "அது பயந்தவனுக்கு" என்று ஒதுக்கினார். ஷிஃபானா அந்த மஞ்சள் வில்லைத் தன் கணக்கில் வாங்கினாள்.

"இடமில்லாத புள்ளைக்கு வில்லா?" என்று லாபிர் சிரித்தார்.

"வளர்ற புள்ள மச்சான்" என்றாள் அவள்.

திறப்பு விழாவுக்கு, ஊருக்குள் திரிந்து மைதானத்தில் மேயும் மான்களைத் துரத்திவிட்டுப் பந்தல் போட்டார்கள். அறிவிப்பாளர் ஷிஃபானா. தமிழ் ஆசிரியை, கணீர்க் குரல். ஊரில் எந்த விழாவென்றாலும் மைக் அவள் கையில்தான். தலைவர் ஒரு கட்டளை இட்டிருந்தார்: தன் பட்டங்கள் எல்லாம் வாசித்து முடிந்த பிறகுதான் அம்பு போக வேண்டும்.

"சும்மா நிண்டா படத்துக்கு வடிவில்ல மச்சான்" என்றாள் ஷிஃபானா மெதுவாக. "நீங்க நாண இழுத்துப் புடிச்சுக்கொண்டு நில்லுங்க. நான் வாசிக்கிறன்."

லாபிர் கோட்டில் நின்று நாணை இழுத்தார். கமராக்கள் நெருங்கின. ஷிஃபானா மைக்கை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். இன்னொரு முறையும் தட்டிப் பார்த்தாள்.

"தேசஜோதி..." என்று தொடங்கி, மூச்சு விட்டாள். "சமூகச் சுடர்..." தண்ணீர் குடித்தாள். "கீழைக்கரைக் கேசரி..."

கேசரியின் முழங்கை ஆடத் தொடங்கியது.

"இந்தப் பட்டம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சபையோருக்குச் சொல்வது என் கடமை."

"கெதியா வாசிங்க புள்ள!" என்று பல்லுக்குள்ளால் வந்தது.

"தலைவர் அவையடக்கத்தோடு சுருக்கச் சொல்கிறார். ஆனால் சபை அனுமதிக்காது!"

சபை கைதட்டியது. லாபிரின் கழுத்து நரம்பு புடைத்தது. தொப்பி நெற்றிக்கு இறங்கியது.

"அகில இலங்கைச் சமாதான நீ...த...வான்..."

நாண் விரலிலிருந்து கழன்றது. முன்கையில் அது விழுந்த சத்தம் பின்வரிசைக்குக் கேட்டது. அதை விடப் பலமாகக் கேட்டது சமாதான நீதவானின் "உம்மோ!" அம்பு பத்தடி போய்ப் புல்லில் படுத்தது. தூரத்தில் நின்ற மானொன்று தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, மறுபடி மேயக் குனிந்தது.

கூட்டம் சிரித்து ஓய்வதற்குள் பிரியதர்சினி அந்த வில்லை எடுத்துப் பார்த்தார். "இதுவா நுஸ்கியின்ர வில்லு? இதோட பிள்ளைய நான் கோட்டில விட மாட்டன். வேற வில்லு இருக்கோ?"

நுஸ்கி தந்தையின் பின்னால் ஒளிந்தான். லாபிர், கையில் ஐஸ்கட்டியோடு, ஷிஃபானாவைப் பார்த்தார்.

"ஒங்கட அந்த மஞ்சள் வில்ல ஒருக்காத் தாங்க."

"தரலாம் மச்சான்" என்றாள் ஷிஃபானா. மைக்கை அவள் அணைக்கவில்லை. "ஆனா அந்த வில்லு தனிய வராது. பஸ்னாவும் சேர்ந்துதான் வரும். ரெண்டு புள்ளையும் மாறி மாறிப் பழகட்டும். தலைவர் என்ன சொல்றீங்க?"

மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். மைதானமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது.

"ஓம்" என்றார் லாபிர்.

"விளங்கல்ல மச்சான்."

"ஓம்! பஸ்னாவும் வரட்டும்!"

பஸ்னா வில்லோடு ஓடி வந்தாள். பிரியதர்சினி எண்ணினார். பத்து வரை கை நடுங்கவில்லை. பிறகு அவள் வில்லை நுஸ்கியிடம் கொடுத்தாள், அவனுக்கும் நடுங்கவில்லை.

லாபிர் தன் கதிரையை நோக்கி நகர்ந்தார். ஷிஃபானா மைக்கை மறுபடி தட்டிப் பார்த்தாள்.

"தலைவர் அவர்கள் தயவுசெய்து அமர வேண்டாம். இன்னும் இரண்டு பட்டம் வாசிக்கக் கிடக்கிறது."