சுற்று எண்ணுகிறவர்

பனியன்கள் துவைத்து மடித்து ஒரு பெரிய பையில் வந்து சேர்ந்தபோது, ஓட்டப் பந்தயம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. விட்ட தையலைப் போட்டுக் கொடுக்கலாம் என்று தையல்காரி பையைக் கவிழ்த்தாள். மூன்றாவதாகக் கையில் வந்த பனியனைப் பார்த்தவள், ஊசியில் நூல் கோர்க்க மறந்து உட்கார்ந்துவிட்டாள்.

பதினேழாம் எண் பனியன் அது. சிவப்புத் துணியில் வெட்டித் தைத்த 'ஒன்று', மேல் ஓரத்தில் மட்டும்தான் தைக்கப்பட்டிருந்தது. கீழே தையலே இல்லை. லேசாக ஊதினாலும் நாடா போலச் சுருண்டு மேலே ஏறிக்கொள்ளும். அது ஏறாமல் இருக்க யாரோ ஒரு வட்ட ஸ்டிக்கரை ஒட்டி அழுத்தியிருந்தார்கள். புது மூக்குக்கண்ணாடியில் ஒட்டி வருகிற ஸ்டிக்கர். துவைத்தும் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அந்தப் பெண் பிள்ளைகளின் ஓட்டக் கழகத்தில் சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் கிடையாது. பேக்கரிக்காரர் தலைவர். தபால்காரம்மா ஸ்டாப்வாட்ச் பிடிப்பார். தையல்காரி பனியன்களுக்கு எண் தைத்துக் கொடுப்பாள். கண்ணாடிக்கடைக்காரர் சுற்று எண்ணுவார். எட்டுப் பிள்ளைகள் பத்துச் சுற்று ஓடினால், யார் எத்தனை முடித்தாள் என்று தாளில் கோடு போட்டு, பக்கத்திலேயே நேரத்தையும் குறித்துக்கொண்டு, கடைசிச் சுற்றுக்குக் கைமணி அடிக்க வேண்டும். வெயிலோ மழையோ, மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட அவர் வராமல் இருந்ததில்லை.

மூன்று வாரத்துக்கு முன் நடந்த பந்தயத்தில் ஏழாம் எண் போட்டு ஓடிய தையல்காரியின் மகள் முதலாவது வந்தாள். பெரிய பந்தயத்துக்குப் போக ஒரே ஓர் இடம். அது அவளுக்கு என்று கையெழுத்தும் ஆகிவிட்டது. அம்மா அன்று தெருவே கேட்கச் சிரித்தாள். மறுநாள் காலையில் கண்ணாடிக்கடைக்காரர் தாளை எடுத்துக்கொண்டு கழகத்துக்கு வந்தார். ஏழாம் எண்ணுக்கு நேரே இரண்டு கோடுகள் இருபது நொடி இடைவெளியில் விழுந்திருந்தன. இருபது நொடியில் ஒரு சுற்று ஓட மனிதப் பிறவியால் ஆகாது. "தப்பு என்னோடது. ஏழு ஓடினது ஒன்பது சுற்று. பதினேழு ஓடினது பதினொண்ணு" என்று சொல்லி, மணியையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. இடம் பதினேழுக்குப் போனது.

தையல்காரி அதன்பிறகு அவர் கடை இருக்கும் பக்கமே நடப்பதில்லை. "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுற மனுஷனுக்கு என் பிள்ளை மட்டும் ரெண்டு பேரா தெரிஞ்சுதாக்கும்!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பொரிந்து தள்ளினாள்.

இப்போது அந்தப் பனியன் அவள் மடியில் கிடந்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் சிவப்பு நூல் தீர்ந்துபோனது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்புறம் தைக்கலாம் என்று வைத்தவள், மறந்தேபோனாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், பையை வீசிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?"

"இந்த ஒண்ணு சுருண்டா என்னடீ தெரியும்?"

மகள் விரலால் சுருட்டிப் பார்த்தாள். "ஏழு."

மகள் அதை மறுபடி நீவிவிட்டாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, திட்டாதே. அன்னிக்கு மணி அடிச்சப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஓடி முடிச்சப்புறமும் மூச்சு மிச்சம் இருந்துச்சும்மா. பத்துச் சுற்று ஓடினா மிச்சமே இருக்காது."

"அப்ப ஏன் வாயைத் திறக்கலை?"

"நீ சிரிச்சிட்டிருந்தே."

தையல்காரி எழுந்து பனியனைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். திட்டவில்லை. திட்ட அவளுக்கு வாய் ஏது?

கண்ணாடிக்கடையில் ஆள் இல்லை. அவர் ஒரு சின்னத் திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் பனியனை விரித்து மேசையில் போட்டாள்.

"இந்த ஸ்டிக்கர் உங்களுதுதானே அண்ணா?"

அவர் நிமிர்ந்தார். "ஆமா. ஓட்டம் முடிஞ்சு போட்டோ எடுக்கிறப்ப அந்தப் பிள்ளை நெஞ்சுல அந்த ஒண்ணு பிரிஞ்சு ஆடிட்டிருந்துச்சு. ஒட்டிவிட்டேன்."

"அப்பவே தெரியுமா?"

"அப்பத் தெரியலை. மறுநாள் தாளைப் பார்த்தப்பதான் விளங்குச்சு."

"விளங்கினப்புறம் ஏன் சொல்லலை? தையல்காரி சரியாத் தைக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வாயை மூடிட்டு இருந்திருப்பேனே! ஊர் பூரா உங்களைக் கரிச்சுக் கொட்டினேனே!"

"கேட்டேன், கேட்டேன். ரெண்டு தெரு தள்ளி இருந்தாலும் உங்க குரல் இங்க வரும், தங்கச்சி." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நூல் போகும், துணி சுருளும். மூணு வருஷமா தினமும் பார்க்கிற பிள்ளைங்க. நான் எண்ண வேண்டியது துணியையா, பிள்ளையையா? மூஞ்சியைப் பார்த்திருந்தா தப்பு வந்திருக்குமா? அந்தப் பதினேழு, 'முடிஞ்சிடுச்சு அங்கிள்'னு சொல்லுச்சு. 'இன்னும் ஒண்ணு இருக்கு, ஓடு'ன்னேன். எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை. ஓடுச்சு. அதுதான் எனக்குத் தாங்கலை."

"அதுக்காக மணியைக் கொடுத்துட்டா? ஞாயித்துக்கிழமை பந்தயம். எண்ண ஆள் இல்லைன்னு பத்துச் சுற்று ஓட்டத்தையே எடுத்துடப் போறாங்க."

"வேற ஆளைப் பாருங்க."

"பார்க்க மாட்டேன்" என்றாள் அவள். வாசல்படி இறங்கும்போதே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

அன்று மாலையே கழகக் கூட்டம். வருடா வருடம் பிள்ளைகளுக்காகச் சம்பளமில்லாமல் உழைக்கிறவர்களில் ஒருவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பார்கள். பேக்கரிக்காரர் பட்டியலை நீட்டினார். கண்ணாடிக்கடைக்காரர் பெயர்மேல் கோடு கிழித்திருந்தது.

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் அக்கா எடுத்துட்டோம்."

"என் மனசு நோகட்டும். திரும்ப எழுதுங்க."

தபால்காரம்மா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். தையல்காரி பனியனை மேசைமேல் விரித்து ஒன்றைச் சுருட்டிக் காட்டினாள். நூல் தீர்ந்த கதையைச் சொன்னாள்.

பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்ப தப்பு அவர் மேல இல்லைங்கிறீங்களா?"

"இருக்கு. அவர் மேலயும் இருக்கு, என் மேலயும் இருக்கு. மணி முன்னாடியே அடிச்ச மாதிரி இருக்குன்னு என் பிள்ளைக்கும் பட்டிருக்கு. எங்க வீட்ல ஒருத்தியும் வந்து சொல்லலை. வந்து சொன்னது அவர் ஒருத்தர்தான். சொல்லாம இருந்திருந்தா யாருக்குங்க தெரியும்?"

பேக்கரிக்காரர் பேனாவை எடுத்து, மூடியைத் திறக்காமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பா எண்ணினவருக்குப் பத்திரமான்னு மத்த பிள்ளைங்களைப் பெத்தவங்க சண்டைக்கு வருவாங்களே" என்று இழுத்தார்.

"வரட்டும். முதல்ல என்கிட்ட அனுப்புங்க. நான் பேசிக்கிறேன்."

"அதுக்கப்புறம் எங்ககிட்ட வர அவங்க உடம்புல தெம்பு இருக்காது" என்றார் தபால்காரம்மா. பேக்கரிக்காரர் பேனாவைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல்காரி அவரைக் கையோடு கூட்டி வந்துவிட, மைதானத்திலேயே பத்திரம் கொடுத்தார்கள். மேடைக்கு வர மாட்டேன் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னதால், மேடை அவரிடம் வந்தது, அவ்வளவுதான். பேக்கரிக்காரர் பாராட்டுரையின் மூன்றாவது பக்கத்தைப் புரட்டும்போது கண்ணாடிக்கடைக்காரர் குறுக்கிட்டார்.

"தலைவரே, பிள்ளைங்க உடம்பு சூடு ஆறிடும். போதும். மணியை எடுத்துக்கிறேன். ஆனா ஒண்ணு. இனிமே ரெண்டு பேர் எண்ணணும். ரெண்டு தாளும் ஒத்துப்போனாதான் மணி."

"ரெண்டாவது ஆள் யாரு?"

அவர் வெறும் தாள் ஒன்றைத் தையல்காரியிடம் நீட்டினார். "இவங்கதான். இவங்க கண்ணுக்கு ஒரு தையல் விட்டிருந்தாலும் தெரியும்."

"ஒண்ணு தெரியலையே அண்ணா!" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடி தாளை வாங்கிக்கொண்டாள்.

ஓட்டம் தொடங்கியது. எட்டுப் பிள்ளைகள், புழுதி, காற்று. பதினேழின் ஒன்று நான்கு பக்கமும் இரட்டைத் தையலில் சுவரில் ஆணி அடித்தாற்போல இருந்தது. என்றாலும் தையல்காரி எண்ணைப் பார்க்கவில்லை. வருகிற முகம் ஒவ்வொன்றையும் பார்த்தாள். இவளுக்கு மூக்கு விடைத்திருக்கிறது, இவள் உதட்டைக் கடித்திருக்கிறாள், இவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே ஓடுகிறாள். இத்தனை நாள் எண் தைத்தும் இந்த முகங்களை அவள் பார்த்ததே இல்லை.

ஒன்பதாவது சுற்றின் முடிவில் இரண்டு பேர் முன்னால் வந்தார்கள். பதினேழு முதலில். பத்தடி பின்னால் அவள் மகள், இந்த முறை மூச்சில் மிச்சம் எதுவும் வைக்காமல். 'ஓடுடீ' என்று கத்த அம்மாவின் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, முதலில் பதினேழுக்குக் கோடு போட்டாள். பிறகு ஏழுக்கு.

"எத்தனை?" என்றார் கண்ணாடிக்கடைக்காரர், அவள் தாளைப் பார்க்காமல்.

"ரெண்டு பேருக்கும் ஒன்பது."

"எனக்கும் ஒன்பது" என்றவர் மணியைத் தூக்கினார்.