பெயர் வராத சுவர்

நோட்ஸ் சொல்லிக் கொடுத்தே சம்பளம் எடுக்கிற வாத்திமாரை மாக்கிறட் ரீச்சருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அரிப்பு என்ற கடற்கரை ஊருக்கு அருகே அவர் சரித்திரம் படிப்பித்த பள்ளிக்கூடத்திலோ வேறு வகை வாத்திமாரே இல்லை. அந்தக் கூட்டத்தோடு ஒரே அறையில் இருந்து தேத்தண்ணி குடிப்பதே தனக்குக் குறைச்சல் என்பது அவர் எண்ணம். ஆசிரிய ஆலோசகர் பதவி ஒன்று காலியாக இருந்தது. அது கிடைத்தால் அதே வாத்திமாரின் வகுப்புகளுக்குள் நுழைந்து, கடைசி வாங்குக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்து பிழை பிடிக்கலாம். இதைவிடப் பெரிய மோட்சத்தை மாக்கிறட் கேட்டதில்லை.

அதற்காகத்தான் இணையத்தில் கிடைத்ததையெல்லாம் வகுப்பில் போட்டுப் பார்த்தார். பழைய கோட்டைகளுக்குள் நடந்து திரிவதுபோலக் காட்டுகிற ஒன்று இருந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் டேட்டா தீர்ந்துவிட்டது. வினாடி வினாப் போட்டி ஒன்று வைத்தார். பிள்ளைகள் கேள்வியை வாசிக்காமல், பிடித்த நிறத்தைப் பார்த்து விடையை அமத்தினார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கந்தோர் அறையில் எல்லாருக்கும் கேட்கவே சொன்னார்.

கடைசியில் அவருக்குப் பிடித்துப்போனது இந்தச் சுவர். பிள்ளைகள் போனில் எழுதுவது மல்டிமீடியா புரொஜெக்டரின் வெளிச்சத்தில் வகுப்புச் சுவரில் வந்து விழும். எழுதியவரின் பெயர் மட்டும் வராது. வாய் திறக்கப் பயந்த பிள்ளையும் கேள்வி கேட்கும் என்று செய்முறைக் காணொளியில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அதிபரிடம் அனுமதி வாங்கி, தாய்மாரின் போன்களைக் கொண்டுவரச் செய்தார் மாக்கிறட்.

"ஆர் எழுதினதெண்டு எனக்கே தெரியாது. பயப்பிடாமல் கேளுங்கோ," என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

முதல் நாள் கேட்டார்கள். ஒல்லாந்தர் கருவாடு சாப்பிட்டவையோ என்று ஒன்று. ரீச்சரிட்ட எத்தனை சாறி இருக்கு என்று இன்னொன்று. இரண்டாவது றோயின் வேலையாகத்தான் இருக்கும் என்று மாக்கிறட் முடிவுகட்டினார். தகப்பனோடு கடலுக்குப் போன நாளிலும் வகுப்பில் நித்திரை கொள்வான், போகாத நாளிலும் நித்திரை கொள்வான். மண்டைக்குள் மணல்தான் என்று அவனைப் பற்றி அவர் அடிக்கடி சொல்வார், அவன் முகத்துக்கு நேரேயே.

பாடத்தைப் பார்க்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து சிங்கராசா சேர் வந்தார். கொம்பியூட்டரைப் போடுவதற்கே ஆள் தேடுகிற மனிதர். அவரையும் மாக்கிறட் மதிக்கவில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து நல்ல சொல் ஒன்று விழுந்தால் பதவி கைக்கு வந்த மாதிரி. எனவே கடைசி வாங்கைத் துடைத்து, குளிர்பானம் வைத்து, பல்லைக் காட்டினார்.

ஊர்ச் சரித்திரத்தில் விளங்காத ஒன்றைக் கேளுங்கோ என்று பாடம் தொடங்கியது. முத்துக்குளிப்பு ஏன் நின்றது என்று முதல் கேள்வி வந்தது. அது மாக்கிறட் முந்தின நாளே சொல்லி வைத்தது. சிங்கராசா சேர் தலையாட்டினார். அடுத்ததும் சொல்லி வைத்ததுதான். மூன்றாவதை யாரும் சொல்லி வைக்கவில்லை.

"வாப்பா சொன்னவர், தொண்ணூறில எங்கட ஆக்களை ஊரை விட்டுப் போகச் சொல்லேக்க அயலில ஒருத்தரும் படலைக்கு வரேல்லையாம். ஏன் ரீச்சர்?"

அந்த வகுப்பில் தகப்பனை வாப்பா என்று கூப்பிடுகிற பிள்ளை றிம்ஷா ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாரும் கத்தோலிக்கக் கடற்தொழில் வீட்டுப் பிள்ளைகள். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்களை வெளியேற்றியபோது புத்தளத்துக்குப் போன அவளுடைய குடும்பம் திரும்பி வந்து சந்தியில் கடை போட்டு அதிக காலம் ஆகவில்லை. பெயர் வராத சுவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்த கெட்டிக்காரிக்கு, ஒரு முறைப்பெயரே பெயரைச் சொல்லிவிடும் என்று தோன்றவேயில்லை. முழு வகுப்பும் திரும்பியது. றிம்ஷா போனை மடிக்குள் வைத்துக்கொண்டு குனிந்தாள்.

சிங்கராசா சேர் எழுந்துவிட்டார். இது பாடத்திட்டத்தில் எந்த அலகு என்று கேட்டார். பிறகு யார் எழுதியது என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்ல மாக்கிறட்டுக்கு ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் அவர் பதவியை நினைத்தார். வருடம் முழுக்க வாய் திறக்காத பிள்ளை, திறக்கிறதுக்கு இந்த நாளையா பார்த்தது என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் கேள்வியை அழித்தார்.

"றிம்ஷா, எழும்புங்கோ," என்றார்.

றிம்ஷா எழுந்தாள். அவள் எழுந்து நிற்கும்போதே சுவரில் ஒரு வரி விழுந்தது.

"என்ர வாப்பாவும் அதைத்தான் கேட்டவர்."

மாக்கிறட் அதையும் அழித்தார். அதற்குள் இன்னொன்று. "எங்கட வாப்பா கடலுக்குப் போயிட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு வரச் சொன்னவர்." பிறகு வாப்பா, வாப்பா என்று சுவர் நிரம்பியது. கழுத்தில் செபமாலை போட்ட பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒன்றை அழித்தால் நாலு வந்தது.

இவ்வளவு பேரும் முஸ்லிம் பிள்ளைகளோ என்று சிங்கராசா சேர் கேட்டார். இல்லை சேர் என்று மாக்கிறட் சொன்னார். அப்ப இதென்ன கூத்து என்றார் அவர்.

கேட்காமலே றோய் எழுந்தான்.

"ஆர் எழுதினதெண்டு ரீச்சருக்குத் தெரியாது சேர். அவ எங்களுக்கு அப்பிடித்தான் சொன்னவ."

அவன் நக்கலாகச் சொல்லவில்லை. மரியாதையாகவே சொன்னான். ஆனால் மாக்கிறட்டைப் பார்த்தபோது அவன் முகம் சுளித்தது, மீன் கூடையில் நாறிப்போன ஒன்றைக் கண்டதுபோல. இந்த மணல் மண்டையனா என்னை இப்படிப் பார்க்கிறான் என்று அவருக்கு முகம் எரிந்தது. வெட்கமாகவும் இருந்தது. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

சொந்த வகுப்பை அடக்கத் தெரியாதவ மற்றவைக்கு என்னத்தை ஆலோசனை சொல்லப்போறா என்று முணுமுணுத்தபடி சிங்கராசா சேர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். குளிர்பானம் அப்படியே இருந்தது.

றிம்ஷா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இருங்கோ என்று சொல்ல மாக்கிறட் வாயெடுத்தார். அதற்குள் பக்கத்தில் இருந்த பிள்ளை ஜெஸ்லியா, ரீச்சரின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், றிம்ஷாவின் கையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.