பாட்டு நின்ற இடம்

மாரி மழை. வேனின் கண்ணாடியில் நீர் சாய்ந்து சாய்ந்து ஓடுகிறது. வயல்களுக்கு மேலே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம். விடிந்தும் விடியாத வெளிச்சம்.

வேனுக்குள் பதினான்கு பெண்கள். பதினான்கு சாப்பாட்டுப் பெட்டிகள். ஈரக் குடைகளின் மணம். கார்மெண்ட்ஸ் தொழிற்சாலை வாசலுக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும்.

அந்த முக்கால் மணி நேரத்துக்கு அவர்களே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒருத்தி. அவளுக்கு மிகப் பிடித்த ஒரு பாட்டு. பாட்டு முடிந்ததும், அது எதை நினைவுக்குக் கொண்டுவருகிறது என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும்.

பொய் சொல்லக் கூடாது. சொல்லாமல் நழுவவும் கூடாது. யார் தொடங்கிவைத்தது என்று யாருக்கும் தெரியாது. கார்மெண்ட்ஸ் மேலிடம் போட்ட சட்டங்களைவிட இதைத்தான் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

காதல் கதைகள் வந்தன. கல்யாண வீட்டில் சோறு பரிமாறியவனைப் பார்த்துப் பார்த்தே வயிறு நிறைந்த கதை வந்தது. ஒருத்தி பாட்டைப் போட்டுவிட்டு அழுதாள். பிறகு அழுததை நினைத்துச் சிரித்தாள்.

தயாபரி மட்டும் பயந்தாள்.

வேனில் அவள்தான் மூத்தவள். நாற்பத்தைந்து வயது. கடைசி இருக்கை, ஜன்னலோரம். அவள் முறை மூன்று தடவை வந்து போய்விட்டது. ஒருமுறை தொண்டை நோவு. ஒருமுறை போனில் சார்ஜ் இல்லை. ஒருமுறை அவசரமாக இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தாள்.

தயாக்கா பெரிய கதை ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறா என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள். கேலி உண்மையாக இருந்தால் சிரிப்பதைத் தவிர என்ன செய்வது?

ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு. மழையைக் கூப்பிடும் பாட்டு. அது எங்கே தொடங்கினாலும் அவள் எழுந்துவிடுவாள்.

கல்யாண மண்டபத்தில் பாதிப் பந்தியில் எழுந்திருக்கிறாள். சேலைக் கடையில் விரித்துப் போட்ட சேலைகளை அப்படியே விட்டு இறங்கியிருக்கிறாள். பஸ்ஸில் மணியடித்து, எந்த ஊர் என்றே தெரியாத ஓர் இடத்தில் வெயிலில் நின்றிருக்கிறாள்.

முப்பத்திரண்டு வருடங்கள். இரண்டாவது சரணம் வருவதற்குள் காதுக்கு எட்டாத தூரம் போய்விட வேண்டும். அந்தப் பாட்டு எப்படி முடியும் என்று அவளுக்குத் தெரியாது.

இன்று நிரோஜினியின் முறை. இருபத்திரண்டு வயது. வேனிலேயே வாயாடி. போனைத் தட்டினாள். ஸ்பீக்கர் ஒருமுறை செருமியது.

முதலில் ஒரு குழல். பிறகு தூரத்தில் இடி மாதிரி ஒரு மேளம்.

தயாபரியின் கை கதவைத் தேடியது. கடைசி இருக்கையில் கதவு இல்லை. கண்ணாடிக்கு வெளியே மழை. முன்னால் பதின்மூன்று தலைகள். வேன் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

அப்போது போர்க்காலம், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பேட்டரியும் கிடையாது. பாட்டு வேண்டுமென்றால் சைக்கிளைச் சுற்ற வேண்டும்.

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்து. டைனமோவைப் பின்சக்கரச் சில்லோடு சாய்த்துவிடு. அதிலிருந்து வயரை எடுத்து கசெட் பெட்டியில் பூட்டு. ஒருத்தி பெடலைக் கையால் சுற்ற, மற்றவள் கேட்க.

சுற்றியது அக்கா. யோகமலர். பதினேழு வயது. கேட்டது தயாபரி. பதின்மூன்று வயது. கை வேகமானால் பாட்டு ஓடும். கை களைத்தால் பாடுகிற பெண்ணின் குரல் ஆண் குரலாகிவிடும். தயாபரி அதைப் பாடிக் காட்ட, இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஆனால் அங்கேயும் ஒரு சட்டம் இருந்தது. அம்மா போட்ட சட்டம். டைனமோ பக்கத்தில் குனிந்து இருப்பவளுக்கு அதன் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காது. ஆகவே சுற்றுகிறவளின் காது சில்லுக்கு. கேட்கிறவளின் காது வானத்துக்கு.

குண்டு போடும் பொம்மர் வரும் சத்தம் கேட்டால் கேட்கிறவள்தான் சொல்ல வேண்டும். அக்காவின் தோளில் அடிக்க வேண்டும். இருவரும் பங்கருக்கு, வீட்டருகே வெட்டிய பதுங்குகுழிக்கு, ஓட வேண்டும். முற்றத்திலிருந்து பங்கர் இருபது அடி.

அன்றும் மழைக்காலம். மழை விட்டிருந்த ஒரு மதியம். வேப்பமரத்து இலைகளில் வெயில் சொட்டிக்கொண்டிருந்தது.

புதுக் கசெட். யாரிடமோ இரவல் வாங்கியது. பின்னேரம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பாட்டை அன்றுதான் முதல்முதலாகப் போட்டார்கள். தயாபரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கெதியாச் சுத்து அக்கா, கெதியாச் சுத்து என்று கத்தினாள். அக்கா குனிந்து இன்னும் வேகமாகச் சுற்றினாள். பின்னல் முன்னால் விழுந்து ஆடியது.

இரண்டாவது சரணம் தொடங்கியது. அப்போது அவளுக்குக் கேட்டது.

கேட்டது. இதுதான் அவள் யாரிடமும் சொல்லாதது. அவளுக்கு நன்றாகக் கேட்டது. தெற்கில், தூரத்தில், மெல்லிசாக. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். இந்தச் சரணம் மட்டும் முடியட்டும் என்று நினைத்தாள்.

பங்கர் வாசலிலிருந்து அம்மா கத்தியபோது சத்தம் தலைக்கு மேலே வந்துவிட்டது. தயாபரி ஓடினாள். யோசிக்கவில்லை. தோளில் அடிக்கவில்லை. கால்கள் ஓடின, அவள் அவற்றோடு போனாள்.

முதுகுக்குப் பின்னால் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா தங்கைக்காகச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு பாட்டு நின்றது.

புகை அடங்கியபின் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அக்கா ஏன் வரேல்லை? தயாபரி வாயைத் திறந்தாள். பாட்டு முடியட்டும் எண்டு அக்கா சொன்னவா, என்று சொல்லிவிட்டாள்.

ஒரு பொய். அதற்கும் முப்பத்திரண்டு வயது. ஒவ்வொரு திவசத்துக்கும் வந்த சனத்திடம் அம்மா அதையே சொன்னாள். பாட்டுப் பைத்தியம் பிடிச்சவள், பாட்டாலேயே போனாள், என்று. தயாபரி வாழையிலையில் பாயசம் ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டாள். தன் பழியைச் செத்தவள் சுமப்பதைக் கேட்டாள். வாயைத் திறக்கப் பயம். அம்மாவுக்கு மிஞ்சியிருப்பவள் அவள் ஒருத்திதான். அந்த ஒருத்தியையும் அம்மா வெறுத்துவிட்டால்?

*

வேனில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அவள் அறிந்த பாட்டு மூச்சு வாங்கும், இழுபடும், திடீரென்று ஓடும். இந்தப் பாட்டு ஒரே சீராகப் போனது. சுற்றுவதற்கு இதற்கு யாரும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது சரணம். முதல் வரி. இரண்டாவது வரி. தயாபரி இரண்டு கைகளாலும் முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தாள். உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. வேனின் கூரையைப் பார்த்தாள். கூரையில் மழை. அவளுக்கு அது மழையாகக் கேட்கவில்லை.

பாட்டு அந்த இடத்தைத் தாண்டிப் போனது. அவள் அறியாத மூன்று வரிகள் வந்தன. கம்பியை விட்டுக் காதுகளைப் பொத்திக்கொண்டதால் அவள் அவற்றைக் கேட்கவில்லை.

நிரோஜினி தன் நினைவைச் சொன்னாள். அப்பா சைக்கிள் பாரில் அவளை வைத்து டியூஷனிலிருந்து கூட்டிவரும்போது இந்தப் பாட்டைப் பிழைபிழையாகப் பாடுவாராம். மழை வந்தால் இன்னும் சத்தமாகப் பாடுவாராம். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி திரும்பி, நாளைக்குத் தயாக்கா, இனித் தப்பேலாது என்றாள்.

அன்று முழுவதும் தையல் மெஷின் இரைந்தது. அவள் இருபது வருடமாகக் கேட்கிற சத்தம்தான். அன்று அது டைனமோவாக இரைந்தது. இரண்டு முறை ஊசி விரலுக்குப் பக்கத்தில் இறங்கியது.

மதியத்துக்குள் ஒன்று விளங்கிவிட்டது. நாளை வேனில் அவளால் வேறு பாட்டுப் போட முடியாது. பொய் சொல்லவும் முடியாது, ஒரு பொய்யே போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் வேனில் சொல்வதற்கு முன் இன்னொருத்தி கேட்க வேண்டும். அம்மா.

*

வீட்டில் அம்மாவும் அவளும்தான். பின்னேரம் மழை விட்டிருந்தது. குசினி ஜன்னலால் மஞ்சள் வெயில் விழுந்தது. அம்மா சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எழுபது வயதிலும் கண்ணாடி போடாத கண்கள்.

தயாபரி கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே சொன்னாள். தெற்கில் கேட்டதைச் சொன்னாள். தோளில் அடிக்காததைச் சொன்னாள். நடுவில் நிறுத்தவில்லை.

"அக்கா ஒண்டும் சொல்லேல்லை அம்மா. பாட்டு முடியட்டும் எண்டு நினைச்சது நான்தான்."

அம்மாவின் விரல்கள் அரிசியில் நின்றன. தயாபரி அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் அங்கே என்ன இருக்குமோ என்ற பயம்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா.

கண்டவள் அம்மா. பங்கர் வாசலில் நின்று கண்டவள். மூத்தவள் குனிந்த தலை நிமிராமல் சுற்றிக்கொண்டிருந்ததையும், சின்னவள் தனியே ஓடி வந்ததையும் கண்டவள். மூத்தவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது என்று அப்போதே தெரிந்தவள்.

பிறகு ஏன் அத்தனை வருடம் அக்காவைக் குறை சொன்னாய் என்று தயாபரி கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள்.

"சனம் ஏன் எண்டு கேட்டுக்கொண்டே இருந்ததுகள், பிள்ளை. ஆரோ ஒருத்தியிலை பழியைப் போட வேணும். அவள் கோவிக்கமாட்டாள். நீ தாங்கமாட்டாய்."

சுளகை இறக்கி வைத்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். மெதுவாக, நன்றாக, விரல் விரலாகத் துடைத்தாள்.

"எண்டாலும் ஒவ்வொரு முறையும் சொல்லிப்போட்டு, அவளின்ர படத்துக்கு முன்னால நிக்கப் பயமாத்தான் இருந்தது."

ஆக அந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தது ஒருத்தி மட்டுமல்ல. ஒரே கூரையின் கீழ், ஒரே பொய்க்கு, இருவர் தனித்தனியாக. தயாபரி தரையில் உட்கார்ந்தாள்.

வேனைப் பற்றிச் சொன்னாள். நாளை தன் முறை என்றாள்.  அக்கா எண்டு மட்டும் சொல்லாதை, யோகமலர் எண்டு பேரைச் சொல்லு, என்றாள் அம்மா. அதற்குப் பிறகு இன்னொன்றும் கேட்டாள். அந்தப் பாட்டு உன் போனில் இருக்கிறதா?

தயாபரி தேடிப் பிடித்தாள். விரல் பாட்டைத் தொடங்கும் வட்டத்தின் மேல் நின்றது. அழுத்தப் பயம். அம்மா பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள்.

குழல். மேளம். மழையைக் கூப்பிடும் குரல். முதல் சரணம் முழுவதும் இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது சரணம் தொடங்கியது. முதல் வரி. இரண்டாவது வரி.

அந்த இடம் வந்தது.

அம்மாவின் கை எழுந்தது. தயாபரியின் பின்னந்தலையில் விழுந்தது. பிடித்துக் கீழே அமுக்கியது. வானத்தில் ஒன்றுமில்லை, மழைகூட இல்லை. அந்தக் கைக்கு அது தெரியாது.

தயாபரி குனிந்தாள். நாற்பத்தைந்து வயதில், அரிசி மணக்கும் அம்மாவின் மடியில் முகம் படுமளவுக்குக் குனிந்தாள். தலைக்கு மேலே பாட்டு நிற்காமல் போனது. அடுத்த வரி. அதற்கடுத்த வரி. அவள் கேட்டிராத வரிகள்.

பாட்டு முடிந்தது. அம்மா கையை எடுக்கவில்லை.