அடைத்த வால்வு

உத்தமபாளையத்தில் கீழ்வீட்டில் குடியிருந்த மதலேனாளுக்கு ஒரே கவலை. மகள் ஜெசிக்குப் பரீட்சை நேரம். வீட்டுக்காரர் கர்ணனோ ஒப்பந்தம் முடியுமுன்பே காலி செய்யச் சொன்னார். அவள் அசையாததால் தண்ணீரை நிறுத்தக் கிளம்பியவர், அவசரத்தில் பொது வால்வைத் திருகிவிட்டார். அது இறுகிக்கொள்ள, மாடியில் அவர் வீட்டுக் குழாயும் வறண்டது. அன்று அங்கே சம்பந்தி விருந்து.

மதலேனாள் ஆண்டவரை நினைத்துக்கொண்டு, டிரம்மில் பிடித்துவைத்த தண்ணீரில் இரண்டு குடம் மாடிக்குச் சுமந்தாள்.

"வாடகைக்கு இருக்கவுகளுக்குத் தண்ணிய நிறுத்தக்கூடாதாம், ஒப்பந்தத் தவணைக்கு முன்ன கிளப்பவும் கூடாதாம். கோர்ட்டுல மனுக் கொடுன்னு வக்கீல் சொன்னாகண்ணே" என்றாள் கர்ணனிடம்.

"கொடுத்துட்டியா ஆத்தா?"

"எங்க? உங்களுக்குத் தண்ணி சுமக்கவே பொழுது சரியாப்போச்சு."

அடுப்படியில் கர்ணன் மனைவி மாயக்காள் சிரித்துவிட்டாள். "அவ தண்ணியிலதான் உங்க சம்பந்திக்குச் சாம்பாரே கொதிக்குது!"

பிளம்பர் வந்து புது வால்வு மாட்டியதும், கர்ணன் அதன் கைப்பிடியைக் கழற்றி மதலேனாளிடம் நீட்டினார்.

"தவணை முடியிற மட்டும் இது உங்கிட்டயே இருக்கட்டும்."