முப்பத்தொன்றாவது வேலை

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவர் பஞ்சாட்சரம், பாத்திரக்கடை. செயலாளர் டில்லிபாபு, ஜவுளிக்கடை. துணைச் செயலாளர் ரூபஸ், செல்போன் கடை. செயற்குழு உறுப்பினர் கோவிந்தம்மாள், பூஜைச் சாமான் கடை. இன்னொரு உறுப்பினர் வேதாசலம் வரவில்லை. போன வாரமே இந்தக் கூட்டத்துக்கான கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார். அலுவலக ஊழியர் ஹேமாவதி.

கடைவீதி வியாபாரிகள் சங்கத்தில் உறுப்பினர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், ஊழியர் ஒருத்தி. அந்தக் கணக்கில்தான் எல்லாக் கோளாறும்.

போன வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று மலையடிவாரத்தில் சங்கம் வைத்த இரண்டாவது தண்ணீர்ப் பந்தல் காலை பத்து மணிக்கே காய்ந்துபோனது. டேங்கர் லாரி வரவேயில்லை. காவடி தூக்கி வந்த ஒரு பெண் பந்தல் வாசலிலேயே மயங்கி விழுந்தாள். சங்கத்துத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், 'டேங்கர் ஏற்பாடு செய்வது எனத் தீர்மானிக்கப்பட்டது' என்று இருந்தது. யார் செய்வது என்று இல்லை. அந்தப் புத்தகத்தில் என்றைக்கும் யார் பெயரும் இருந்ததில்லை. பெயர் இல்லாத பழி கடைசியில் சம்பளம் வாங்குகிறவள் தலையில்தான் இறங்கும். இன்னொரு தவறு நடந்தால் வேலையிலிருந்து நீக்கப்படுவாய் என்று ஹேமாவதிக்குக் கடிதம் கொடுத்தார்கள். அதை டைப் அடித்ததும் அவள்தான். டைப் அடிப்பது அவள் வேலை.

இந்த வருஷம் ரூபஸ் சங்கத்துக்கு ஒரு சாப்ட்வேர் வாங்கி வந்தான். உறுப்பினர் பட்டியல், கூட்டம், விழா எல்லாம் அதற்குள். ஒரு விழாவைத் திறந்து அதன் வேலைகளை வரிசையாகப் போட்டால், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் வந்து நிற்கும்: யார்? எல்லாக் கட்டத்திலும் பெயர் இல்லாமல் அது பட்டியலை முடிக்க விடாது. முந்தின கூட்டத்தில் ஆடிக் கிருத்திகைக்கு முப்பத்தொரு வேலைகளைப் போட்டார்கள். முப்பத்தொன்றுக்கும் ஹேமாவதி. ஊழியர் பட்டியலில் வேறு பெயரே இல்லை என்று சொல்லி, டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். அவள் போன் முப்பத்தொரு தடவை கத்தியது.

விழாவுக்கு இன்னும் பத்தொன்பது நாள். பகல் இரண்டு மணி. ஹேமாவதி சுவர் டிவியில் பட்டியலைப் போட்டாள்.

பஞ்சாட்சரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "இன்னாம்மா இது, எம்பேரு ஊழியர் லிஸ்ட்ல கீது?"

"காலைல நாந்தாங்க சேர்த்தேன். எல்லார் பேரையும் சேர்த்துட்டேன். அதுல இருந்தாத்தான் வேலை ஒதுக்க முடியும்."

"நான் தலைவர்மா! சங்கத்துக்கு ஊழியரா நானு?"

"தலைவருக்குன்னு தனிக் கட்டம் கீதுண்ணா," என்றான் ரூபஸ். "ஆனா அதுல போட்டோ மட்டுந்தான் வரும்."

"அவருக்கு அதே போதும்," என்றாள் கோவிந்தம்மாள்.

டில்லிபாபு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னா ஹேமா, நம்ம வழக்கம் ஒண்ணு இருக்குதில்ல?" என்றார்.

"இருக்குதுங்க. அந்த வழக்கத்துலதான் போன வருஷம் எனக்கு லெட்டர் வந்துச்சு." அவள் உட்காரவில்லை. "பதினோரு வேலை எம்பேர்ல வச்சிகினேன். பந்தல் இடம் அளக்கறது, போலீஸ் அனுமதி, காணாமப்போன பசங்களுக்கான மேஜை, எல்லாம். மிச்சம் இருபதுலேர்ந்து எம்பேர எடுத்துட்டேன், அதுக்குப் பேரு வேணும். யாரு எத எடுத்துக்கினாலும், இருநூத்திப் பன்னெண்டு பேர் போனுக்கும் அந்தப் பேரு போவும்."

மேலே மின்விசிறி கடகடத்தது. ஊழியர் என்ற தலைப்புக்குக் கீழே தன் பெயரைப் பார்க்க எந்தக் கடைக்காரருக்கும் மனசு வராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றாள்.

"எம்பேர போடு," என்றாள் கோவிந்தம்மாள். "தொன்னை, டம்ளர், மூணு பந்தலுக்கும். காலைல நாலு மணிக்கு கடை தொறந்து, நானே பெருக்கி நானே தண்ணி தெளிக்கிறேன். ஊழியர்னு போட்டா எனக்கு ஒண்ணும் கொம்பு ஒடஞ்சிடாது."

அதற்குப் பிறகு ஆம்பிளைகளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ரூபஸ் மைக்செட், விளக்கு என்று நாலு வேலையை எடுத்துக்கொண்டான். டில்லிபாபு முனகிக்கொண்டே பந்தல் துணி, முதலுதவி என்று ஆறு வேலைக்குத் தலையாட்டினார். வேதாசலத்தின் பெயரில் மூன்றைப் போடச் சொன்னதும் அவர்தான். "கையெழுத்து வந்துதில்ல? வேலையும் போவட்டும்."

கடைசியாக ஒரு கட்டம் காலியாக இருந்தது. டேங்கர்.

எல்லோரும் டேங்கரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். சுற்றுவட்டாரத்தில் விழாச் சமயத்தில் கேட்டதும் தண்ணீர் தரக்கூடிய லாரி, பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையில் இருந்த அரசு என்பவரிடம்தான் உண்டு. அரசு, பஞ்சாட்சரத்தின் மனைவிக்குத் தம்பி; அக்கா புருஷன் என்ற முறையில் இவர் அரசுவுக்குப் பாவா. பஞ்சாட்சரம் தன் மகள் காதுகுத்துக்கு முறையாக வந்து அழைக்கவில்லை என்று இரண்டு வருஷமாக இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

ஹேமாவதி பஞ்சாட்சரம் பெயரைத் தட்டினாள்.

"ஏய், எடும்மா அத!"

"எடுக்க முடியுங்க. எடுக்க மாட்டேன்."

"திமிரா?"

"போன வருஷம் ஆறு தடவை அவருக்குப் போன் பண்ணேன். ஆறு தடவையும் ஒரே பதில்தாங்க. 'எங்க பாவா வந்து கூப்புடட்டும், அடுத்த நிமிஷம் வண்டிய எடுக்கறேன்.' உங்க வீட்டு விஷயம் சபைல வேணாம்னு வாய மூடிகினு லெட்டர வாங்கிகினேன். இந்த வருஷம் மூட மாட்டேன். நீங்க போனா தண்ணி வரும். நான் போனா வராது. அதனால அது உங்க வேலை."

கோவிந்தம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வாங்கப்பா, கடையப் பாக்கலாம். பாவாவும் மச்சானும் பாத்துக்குவாங்க." மூன்று பேரும் படியிறங்கினார்கள்.

பஞ்சாட்சரத்தின் சட்டைப்பையில் போன் கத்தியது. கீழே தெருவிலிருந்து டீக்கடைக்காரர் அண்ணாந்து குரல் கொடுத்தார்: "தலைவரே, டேங்கர் உங்க பொறுப்பாமே? நல்லதாப் போச்சு!"

பஞ்சாட்சரம் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, வழக்கம்போல மின்விசிறிக்குக் கீழே இருந்த பெஞ்சில் போய்ச் சாய்ந்தார். தினமும் நாலு மணி வரை அங்கேதான் அவர் தூக்கம்.

"எழுந்திருங்க. ஆபீஸ மூடறேன்."

"நாலு மணி வரைக்கும் நான் இங்கதானம்மா இருப்பேன்."

"நான் பந்தல் இடம் அளக்கப் போவணும். எம்பேர்ல கீது." அளவு நாடாவை எடுத்துக் கைப்பையில் போட்டாள். மின்விசிறியை நிறுத்தினாள்.

விசிறி முழுசாக நிற்கும்வரை அவர் படுத்தே இருந்தார். பிறகு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இந்நேரம் வூட்ல இருப்பானா அவன்?"

"மூணு மணிக்கு இருப்பேன்னாருங்க. கேட்டு வச்சிட்டேன்."

"வெறுங்கையோடயா போவ முடியும்?"

"வழில பழக்கடை கீதுங்க."

பஞ்சாட்சரம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வெளியே கால் வைத்தார். ஹேமாவதி அவர் பின்னாலேயே வந்து கதவை இழுத்துச் சாத்தி, பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் திருப்பினாள். ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது.