சத்தம் போடாத கார்

விருதுநகர் மாவட்டத்துப் பொதுமக்களுக்கும், அவர்கள் தலைக்கு மேலே உள்ள வானத்துக்கும், அதற்கும் மேலே ஓட்டை விழுந்து கிடக்கும் ஓசோன் படலத்துக்கும் இதனால் பணிவுடன் அறிவிப்பது யாதெனில்: சிவகாசிப் பட்டாசு ஆலை அதிபர் திருவாளர் சீனிவாசகம் அவர்கள் மின்சாரக் கார் வாங்கிவிட்டார். இனி பூமி உருண்டை கவலையில்லாமல் சுற்றலாம்.

கார் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர் வீட்டு வாசலில் காலைக் காப்பி நேரத்துக்கு ஆள் கூட ஆரம்பித்தது. வெள்ளைக் கார், வெள்ளைத் தோல் இருக்கைகள், ஸ்டியரிங் பக்கத்தில் வீட்டு டிவி அகலத்துக்கு ஒரு திரை. கதவில் கைப்பிடியே தெரியாது. உள்ளே இருப்பவர் திரையைத் தொட்டால்தான் அது நாக்கை நீட்டுவதுபோல வெளியே வரும். வந்தவர்கள் கதவைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள்.

"இம்புட்டுக் காசுக்கு நல்ல பெட்ரோல் வண்டியா எடுத்திருக்கலாமே அண்ணாச்சி?"

சீனிவாசகத்திடம் பதில் இருந்தது, ஆளுக்கொரு பதிலாக. சங்கத்து நண்பர்களிடம், "வருங்காலச் சந்ததிக்குச் சுத்தமான காத்த விட்டுட்டுப் போகணும்ல" என்றார். ஆடிட்டரிடம் வரிச் சலுகையைப் பற்றிப் பேசிக் கண்ணடித்தார். டாக்டரிடம், "சத்தமே கிடையாது, உள்ள உக்காந்தா தியான மண்டபம்" என்றார். மச்சினனிடம், "ஒரு மிதி மிதிச்சேன்னா முதுகு சீட்டோட ஒட்டிக்கிடும்லே!" என்றார். பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் சம்பந்தியிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் வந்த அன்று இவருக்குக் கொல்லைப்பக்கம் முக்கியமான வேலை வந்துவிட்டது.

சொன்ன காரணங்கள் எல்லாமே உண்மைதான். கார் வாங்கிய காரணம்தான் அவற்றில் இல்லை. அதற்குப் பெயர் ராஜபாண்டியன்.

ராஜபாண்டியனுக்கு அடுத்த ஊரில் ஆலை. போன சீசன் முடிந்ததும் அவர் ஒரு நீளமான வெளிநாட்டுப் பெட்ரோல் கார் வாங்கி, ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், சீனிவாசகத்தின் வண்டிக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார். அன்று மாப்பிள்ளையைப் பார்த்தவர்களைவிடக் காரைப் பார்த்தவர்கள் அதிகம். அதைவிடப் பெரிய பெட்ரோல் கார் வாங்கலாம்தான். ஆனால் ராஜபாண்டியன் அதைவிடவும் பெரிதாக வாங்குவார். ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்த சீனிவாசகத்துக்கு விடியும்போது ஞானம் பிறந்தது. அடுத்தவன் காரைச் சின்னதாக்க முடியாவிட்டால் என்ன, பாவமாக்கிவிடலாமே! மின்சாரக் கார் வந்ததும் ராஜபாண்டியனின் கார் ஒரே நாளில் புகை கக்கும் குற்றவாளி ஆயிற்று. வருசம் பூராவும் கந்தகமும் வெடியுப்பும் லோடு லோடாக இறக்குகிற ஒருவர் காற்றைப் பற்றிக் கவலைப்படுவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டவர்களுக்கு அவர் சீசனில் ஆர்டர் கொடுப்பதில்லை.

கார் வந்ததில் கெட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான், அவர் நிம்மதி. எத்தனை பர்சண்ட் சார்ஜ் இருக்கிறது என்று செல்போனைப் பார்ப்பார். கோயிலில் தீபாராதனை நேரத்திலும் பார்ப்பார். உடம்பில் சர்க்கரை எவ்வளவு என்று அவர் பார்த்து ஆறு மாதமாகிறது. காருக்கு எவ்வளவு என்பது மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். காக்கா எச்சம் போட்டால் பதறுவார். பின் சீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. அவர் மனைவி ஞானசுந்தரிக்கு முன் சீட்டில் அனுமதி உண்டு, பூ வைக்காமல் வந்தால்.

அந்தச் சனிக்கிழமை விருதுநகரில் ஒரு கூட்டம். தலைப்பு, 'காற்றைக் காப்போம்'. சிறப்பு விருந்தினர், சீனிவாசகம். பேசி முடித்ததும் மரக்கன்று நடவேண்டும், போட்டோ எடுப்பார்கள். காலையில் தாயில்பட்டிப் பக்கம் இருக்கும் தன் ஆலைக்குப் போய் வேம்புக் கன்று ஒன்றையும், அதற்கு ஊற்ற ஒரு கேன் தண்ணீரையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஞானசுந்தரி பக்கத்தில் இருந்தாள். "பருவநிலை மாற்றம் என்பது..." என்று அவர் கண்ணாடியைப் பார்த்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு சத்தம். கார்க் கண்ணாடி அதிர்ந்தது. கருவேலங்காட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளைப் புகை எழும்பியது.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைக்காத வழக்கம். சத்தம் கேட்டால் ரோட்டில் போகிற வண்டி எதுவானாலும் புகை வந்த திசைக்குத் திரும்பும். யாருடைய ஆலை என்ற விசாரணையெல்லாம் பிறகுதான். அன்றும் அப்படித்தான். மினி பஸ் திரும்பியது, கோழி ஏற்றிய வேன் திரும்பியது, கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன பைக் திரும்பியது. நேராகப் போனது ஒரு வண்டிதான்.

"திருப்புங்க" என்றாள் ஞானசுந்தரி.

"மீட்டிங்குக்கு நேரமாச்சு. ஆம்புலன்ஸ் வரும்ல."

"நம்ம ஆளுகளா இருந்தா?"

"நம்ம ஆலை பின்னால இருக்கு. இது வேற எவனோ. நீ சும்மா வா."

அவர் வேகத்தைக் கூட்டினார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் அடுத்த திருப்பத்தில் மண்பாதையிலிருந்து ஒரு லோடு ஆட்டோ ஏறிவந்து குறுக்கே நின்றது. அதன் பின்பக்கம் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். ஒரு பெண் கம்பியில் சாய்ந்து நின்றிருந்தாள். முகமெல்லாம் அலுமினியப் பொடி, இரண்டு கைகளையும் யாரும் தொட்டுவிடாதபடி முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள். ஆட்டோவிலிருந்து குதித்து ஓடிவந்த டிரைவர், ஊர்க்காவலன் என்பவன், கார்க் கதவில் கைப்பிடியைத் தேடினான். கிடைக்கவில்லை. கண்ணாடியைத் தட்டினான்.

"மொதலாளி! வெடிமருந்து காயப்போட்ட எடத்துல தீ. உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆனா இந்தப் புள்ள வேல்விழிக்கு ரெண்டு கையும் வெந்துபோச்சு. என் வண்டியில உக்காரக்கூட எடமில்ல. நீங்க சிவகாசி ஆசுபத்திரியில விட்ருங்க!"

சீனிவாசகம் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கினார். வாய் தானாகப் பேசியது.

"விட்ருவேன்ப்பா. ஆனா சார்ஜ் இல்ல. இது கரண்டு வண்டி. சிவகாசி வரைக்கும் தாங்காது. நடுவழியில நின்னுபோச்சுன்னா யாரு பொறுப்பு?"

ஊர்க்காவலன் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், வீட்டு டிவி அகலத்துக்கு எரிந்துகொண்டிருந்த திரையைப் பார்த்தான். அதில் பச்சை நிறத்தில், கிழவர்களும் கண்ணாடி போடாமல் படிக்கும் பருமனில், எண்பத்தொன்று என்று இருந்தது.

"இது எம்புட்டு மொதலாளி?" என்றான் விரலை நீட்டி.

ஞானசுந்தரி தலையைத் திருப்பி வெளியே பார்த்தாள். தான் அவர் மனைவி என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவள்போல இருந்தது அது.

அப்போது வேல்விழி பேசினாள்.

"விடுங்கண்ணே. சீட்டு வெள்ளையா இருக்கு. என் மேலெல்லாம் பொடி. அவுக காரு வீணாப் போயிரும். நான் இப்படியே நின்னுக்கிட்டு வாரேன்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. குத்தல் இருந்திருந்தால் சீனிவாசகம் சமாளித்திருப்பார், வியாபாரத்தில் எத்தனையோ பார்த்தவர். வெந்த கையை நீட்டிக்கொண்டு நிற்கிற ஒருத்தி தன் சீட்டுக்காகக் கவலைப்படுகிறாளே என்பதுதான் அவரை எங்கோ பிடித்து இழுத்தது. அவர் விரல் திரைக்குப் போனது. நாலு கதவிலும் கைப்பிடி வெளியே வந்தது.

ஞானசுந்தரி இறங்கி ஓடி டிக்கியிலிருந்து தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறினாள். வேல்விழி மறுக்க மறுக்க அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கைகளில் தண்ணீரை மெதுவாக ஊற்ற ஆரம்பித்தாள். தண்ணீர் அலுமினியப் பொடியை அடித்துக்கொண்டு வெள்ளைத் தோலில் சாம்பல் நிறத்தில் ஓடியது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் அதைப் பார்த்த சீனிவாசகத்தின் தோள் பழக்கத்தில் ஒருமுறை குலுங்கியது.

கார் பறந்தது. சத்தமே இல்லை. வேறு வண்டியாக இருந்தால் இன்ஜின் இரைச்சலில் மறைந்துபோயிருக்கும் முனகல், இந்தத் தியான மண்டபத்தில் ஒன்றுவிடாமல் கேட்டது. பல்லைக் கடிப்பது கேட்டது. "எம்மா... எம்மா..." என்பது கேட்டது. நடுவில் கார் இனிமையான ஆங்கிலப் பெண்குரலில், பின் சீட்டில் பெல்ட் போடவில்லை என்று வருத்தம் தெரிவித்தது.

"வாய மூடு மூதேவி!" என்று சீனிவாசகம் காரைத் திட்டினார். காரை அவர் திட்டியது அதுவே முதல்முறை.

"கையில துணி எதாச்சும் சுத்தலாமா அண்ணாச்சி? எரியுது" என்றாள் வேல்விழி.

"வேணாம் தாயி, ஒட்டிக்கிடும்." என்றவர் மனைவியிடம், "ஏய், நிப்பாட்டாத. ஊத்து. சீட்டு கெடக்கு கழுத, நீ ஊத்து!"

ஞானசுந்தரி அந்தக் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவ்வளவு நல்ல முகத்தோடு அவரைப் பார்த்தது அவளுக்கே நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கைகளைப் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்திக்கிட்டே வந்தது நல்லதாப் போச்சு. விரல் எல்லாம் பிழைச்சிரும், நாளாகும்" என்றார். வேல்விழிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. சீனிவாசகம் கையைப் பிடித்துத் தேற்றப் போனார். பிடிக்க முடியாத கை என்பது நினைவுக்கு வந்து, தலையைத் தொட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

சட்டையில் சாம்பல் கறையோடு விருதுநகர்க் கூட்டத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். மைக்கைப் பிடித்ததும் எழுதிவந்ததை மடித்து வைத்துவிட்டு நடந்ததை அப்படியே சொன்னார். சார்ஜ் இல்லை என்று பொய் சொன்னதையும் சொன்னார். "ரோட்டுல நிக்கிற மனுசனுக்குக் கதவத் திறக்காதவன், பூமியக் காப்பாத்தப் போறேன்னு சொல்றது வெறும் பகட்டு!" என்றார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

அந்தக் கைதட்டல் மின்சாரத்தைவிட மோசமான சாமான். அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூப்பிட்டார்கள். பிறகு சாத்தூர். பேச்சு ஊருக்கு ஊர் வளர்ந்தது. புகை பெரிதானது, சார்ஜ் எண்பத்தொன்றிலிருந்து நாற்பதாகக் குறைந்தது, பொய் சொன்ன இடம் மெல்லக் கழன்று விழுந்தது. கண் கலங்க வேண்டிய இடம் எது என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. இருக்கையில் கறை போகவில்லை. போகவேண்டாம் என்று கார் கழுவுகிறவனிடம் சொல்லியிருந்தார்.

ராஜபாளையத்தில் அவருக்கு 'மனிதநேய மாமணி' விருது. கிளம்பும்போது ஞானசுந்தரி சேலை மாற்றாமல் நின்றாள்.

"வரலியா?"

"இன்னைக்கு அந்தப் புள்ளைய ஆஸ்பத்திரியில இருந்து அனுப்புதாக. நம்ம கூட்டிட்டுப் போய் வீட்டுல விடுவோம்னு சொன்னேன்ல?"

"விருது வாங்கிட்டு வந்து விட்ருவோம். அவ எங்க ஓடிறப் போறா?"

"ஏங்க, அன்னைக்குக் கதவத் திறந்தீகளே, அத்தோட நல்லவரா இருந்திருக்கலாம். செஞ்ச உதவிய ஊர் ஊராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா, அதுவும் ராஜபாண்டியனுக்குப் போட்டியா இன்னொரு காரு வாங்கினாப்புலதான். நல்லது செய்யணும்னா ஒரு ஆளும் பாக்காத எடத்துலயும் செய்யணும். பாத்தாத்தான் செய்வேன்னா அதுக்குப் பேரு உதவி இல்ல, விளம்பரம்."

சீனிவாசகம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவள் சொன்ன கடைசி வாக்கியத்தை மறக்குமுன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மேடையில் பேச அருமையாக இருந்தது.

வேல்விழி டவுன் பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தாள்.