சிங்காரம் சொன்னது

சாக்குக்குள் தலையைத்தான் முதலில் திணித்தான் பிரபாகரன். பொம்மையின் மரத் தலை. தாடை தானாகத் திறந்து 'டக்'கென்று மூடிக்கொண்டது. உள்ளே இருக்கிற நூல் பிசகினால் அப்படி ஆகும். நூலைக் கட்டியதே அவன்தான். இருந்தும் கை ஒரு கணம் நின்றது.

வாசலில் சாவு மேளம் ஓய்ந்திருந்தது. பந்தலின் கீழ் ஐஸ் பெட்டியில் அவன் அண்ணன் தருமன் கிடந்தான். நேற்று விடிகாலை, ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் படகு மணல்திட்டில் தரை தட்டிச் சாய்ந்தது. பின்னால் வந்த அலை கவிழ்த்துவிட்டது. கூடப் போன மகன் லோகேஷ் நீந்திக் கரையேறினான். தருமனை அலைதான் கொண்டுவந்து போட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து உடல் இப்போதுதான் வந்திருக்கிறது. அதை எடுக்கும்வரை குப்பத்தில் யாரும் தொழிலுக்குப் போகக்கூடாது. ஃபைபர் படகுகளெல்லாம் மணலில் வரிசையாக மூக்கைத் தூக்கிக்கொண்டு கிடந்தன.

முந்தாநாள் அம்மன் திருவிழாவில் பிரபாகரனின் பேசும் பொம்மை சிங்காரம் மேடையேறியது. அவன் மடியில் உட்கார்ந்துகொண்டு ஊரையே கிண்டலடித்தது. முன்வரிசையில் இருந்த தருமனைப் பார்த்து, "யோவ் தருமா, இந்தத் தொப்பைய வச்சினு போனீன்னா படகு முகத்துவாரத்துல தரை தட்டிக் கவுந்துடும்யா!" என்றது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் தருமன்தான்.

"பிரபா, வெளிய வாப்பா."

ஊர்ப் பெரியவர் திருவேங்கடம் கூப்பிட்டார். பிரபாகரன் சாக்கோடு வந்தான்.

"அத எங்க எட்துனு போற?"

"பரண்ல போடலாம்னு, மாமா."

"அது சொன்னாப்லயே ஆயிப்போச்சே. பொணத்த எடுக்கறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டுடு. நாளைக்கு படகு எறக்கலாமா, வேணாமா? அடுத்த சாவுக்கு வேற யார் பேரையாச்சும் வச்சினு இருக்குதா?"

"அது எங்க மாமா சொல்லுச்சு? நான்தான் சொன்னேன்."

"நீ எங்க சொன்ன? பாத்துக்கினுதான இருந்தோம். உன் வாய் மூடியில்ல இருந்துச்சு?"

திருவேங்கடத்தின் மனைவி மனோரமா மூக்கைச் சிந்தினாள். "கூடப் பொறந்தவன எவனாவது அப்படிச் சொல்வானா? அதுக்குள்ள இன்னாமோ பூந்துகிச்சு."

பழியை அவன் மேலிருந்து எடுத்து அவர்களே சாக்குக்குள் போட்டுவிட்டார்கள். சும்மா தலையாட்டினால் போதும். ஆனால் தலையாட்டினால், நாளை முதல் சிங்காரம் சொல்லாமல் இந்தக் குப்பத்தில் ஒரு படகும் இறங்காது. ஏதாவது ஒரு படகு திரும்பாத அன்று எல்லோரும் அதன் வாயைத்தான் பார்ப்பார்கள்.

சாக்கை ஐஸ் பெட்டியின் கால்மாட்டில் வைத்துவிட்டு, மேடையில் ஒருபோதும் சொல்லாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். குரலைத் தூக்கிப் பொம்மையின் வாயில் போட யாராலும் முடியாது. அது எப்போதும் பேசுகிறவன் தொண்டையில்தான் இருக்கிறது. நாக்கைப் பின்னுக்கு இழுத்து மூச்சை ஒடுக்கினால் தூரத்துக் குரல்போல ஆகும். பல்லைச் சேர்த்து, உதட்டை ஒரு நூலிழை மட்டும் திறந்துகொள்ள வேண்டும். 'படகு' என்று சொல்ல உதடு ஒட்டியாக வேண்டும், ஆகவே நாக்கால் தட்டி 'தடகு' என்று சொல்லிவிடுவான். கேட்கிறவர்களின் காதே அதைத் திருத்திக்கொள்ளும். மீதி வேலையைக் கண் பார்த்துக்கொள்ளும். எந்த வாய் அசைகிறதோ அங்கிருந்துதான் சத்தம் வருகிறது என்று அது நம்பிவிடும். சிங்காரம் பேசும் முன் ஒவ்வொரு தடவையும் தன் உதட்டை இறுக மூடி எல்லோருக்கும் காட்டுவானே, அதுவும் வித்தைதான். ஜனங்களின் பார்வை பொம்மைக்குப் போனதும் உதடு மெல்லத் திறந்துகொள்ளும்.

"இப்ப பொம்மை இல்ல. என் மூஞ்சியவே பாருங்க" என்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சிங்காரத்தின் கீச்சுக் குரலை எடுத்தான்.

"யோவ், நான்தான்யா பேசறேன். பிரபாகரன்."

பந்தல் மொத்தமும் சாக்கைத் திரும்பிப் பார்த்தது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் காலை இழுத்துக்கொண்டார்கள்.

"பாத்தியா," என்றார் திருவேங்கடம் மெதுவாக. "சாக்குக்குள்ளேர்ந்தே பேசுது. அவன் பேரையே சொல்லுது பார்."

"மாமா, நான்தான்..."

அண்ணி குணசுந்தரி ஐஸ் பெட்டியின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். நேற்றிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை. அவிழ்ந்த தலைமுடியோடு பெட்டியைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்து, கால்மாட்டில் குந்தினாள். கொழுந்தனை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாக்கின் சுருங்கிய வாயருகே குனிந்தாள்.

"லோகேஷு பேர மட்டும் சொல்லிடாதப்பா."

பந்தல் காலில் சாய்ந்து நின்றிருந்த லோகேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

இனி எந்தக் குரலில் எதைச் சொன்னாலும் அது எங்கிருந்து வந்ததாக ஆகும் என்று பிரபாகரனுக்குத் தெரிந்துவிட்டது. உதடுகளை இறுக மூடிக்கொண்டான்.

அதைக் கண்டதும் மேளக்காரர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். யாரோ, "உஸ்ஸ்" என்றார்கள். அழுகை நின்றது. எல்லோரும் சாக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.